பொறியியல் முதலாண்டுக்கு முன் இயற்பியலைத் தூசி தட்ட எந்த வழி யாருக்கு?

கலந்தாய்வு முடிந்து சேர்க்கை உறுதியானதும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "பிளஸ் டூ பிசிக்ஸ் எல்லாம் மறந்து போச்சு சார். காலேஜ் திறக்கிறதுக்குள்ள என்ன பண்றது? பழைய புத்தகத்தையே திருப்பிப் படிக்கவா, யூடியூப் பார்க்கவா, கோச்சிங் சேரவா? காலேஜ்லயே அடிப்படையைத் திருப்பிச் சொல்ற பிரிட்ஜ் கோர்ஸ் வைப்பாங்களே, அது போதாதா?" மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதியவர்கள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். நடுவில் அத்தனை மாதம் புத்தகத்தைத் தொடாவிட்டால் மறக்கத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் 'மறந்து போச்சு' என்பவர்களில் பலர் உண்மையில் மறக்கவில்லை. அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கவே மாட்டார்கள். குறிப்பாகப் பதினொன்றாம் வகுப்புப் பாடம். கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. எல்லாமே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண். அதனால் பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாக ஓட்டிவிட்டுச் சீக்கிரமே பிளஸ் டூ பாடத்துக்குப் போய்விடும் பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. இனி வரும் மாணவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் முதலாண்டுப் பொறியியல் நேராகக் கை வைப்பது அந்தப் பிளஸ் ஒன் பாடத்தில்தான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் முதல் பருவத்தில் இருந்த பொறியியல் இயற்பியலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அலகு இயந்திரவியல். நிறை மையம், நிலைமத் திருப்புத்திறன், திருப்பு விசை, கோண உந்த அழிவின்மை என்று போகிறது. இது பிளஸ் ஒன் முதல் தொகுதியின் ஐந்தாம் அலகு, கொஞ்சம் கூடுதல் கணிதத்தோடு. மூன்றாம் அலகில் அலைவுகளும் அலைகளும் வருகின்றன. அது பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியின் கடைசி இரண்டு அலகுகள். மின்காந்த அலைகளுக்கும் குவாண்டம் பகுதிக்கும்தான் பிளஸ் டூ பாடம் வேண்டும். அடிப்படை மின்னியல் பாடத்தைத் தொடும்போது ஓம் விதியும் கிர்க்காஃப் விதிகளும் கைப்பழக்கமாக இருக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் வரிசை மாறும், அதற்குப் பின் வந்த விதிமுறையிலும் மாறும். உங்கள் கல்லூரியின் பாடத்திட்டத்தை இறக்கி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

## முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்கள்

எந்த வழி நல்லது என்பது உங்கள் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழே ஐந்து கணக்கு தருகிறேன். புத்தகம் பார்க்காமல், செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, தாளில் போடுங்கள். அரை மணி நேரம் போதும். புவிஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. கிடைத்தளத்துக்கு 60 டிகிரி சாய்வாக 10 நியூட்டன் விசை. அதன் கிடைக்கூறு எவ்வளவு, செங்குத்துக்கூறு எவ்வளவு?
2. 60 கிலோ நிறையுள்ளவர் லிஃப்டில் நிற்கிறார். லிஃப்ட் வினாடிக்கு வினாடி 2 மீட்டர் முடுக்கத்தோடு மேலே போகிறது. தரை அவர்மேல் செலுத்தும் விசை எவ்வளவு?
3. ஒரே நிறை, ஒரே ஆரம் கொண்ட ஒரு வளையமும் ஒரு வட்டத் தட்டும் சரிவில் ஒரே நேரத்தில் வழுக்காமல் உருள ஆரம்பிக்கின்றன. எது முதலில் கீழே வரும்? ஏன்?
4. ஒரு பொருளின் இடப்பெயர்ச்சி, மீட்டரில், நேரத்தின் இருமடியின் மூன்று மடங்கும் நேரத்தின் இரண்டு மடங்கும் சேர்ந்தது. 2 வினாடி முடிவில் அதன் திசைவேகம் என்ன?
5. 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில். அவற்றோடு தொடராக ஒரு 2 ஓம். மொத்தத்துக்கும் 12 வோல்ட். 3 ஓம் வழியாகப் போகும் மின்னோட்டம் எவ்வளவு?

விடைகள்: முதலாவதற்கு 5 நியூட்டன், 8.66 நியூட்டன். இரண்டாவது 720 நியூட்டன். மூன்றாவதில் தட்டு முந்தும், அதன் நிலைமத் திருப்புத்திறன் வளையத்தினுடையதில் பாதிதான். நான்காவது வினாடிக்கு 14 மீட்டர். ஐந்தாவது 2 ஆம்பியர்.

ஒன்றும் நான்கும் தவறினால் குறை இயற்பியலில் இல்லை, கணிதத்தில் இருக்கிறது. திரிகோணமிதி, வெக்டர், வகையிடல் மூன்றையும் ஒரு வாரம் பிடியுங்கள். அதைச் செய்யாமல் எந்தக் கோர்ஸில் சேர்ந்தாலும் பணம்தான் வீண். ஐந்து மட்டும் தவறினால் பிளஸ் டூவில் மின்னோட்டவியல் அலகைத் திருப்பினால் சரியாகிவிடும். இரண்டும் மூன்றும் தவறினால் பிளஸ் ஒன் முதல் தொகுதியை அடியிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

இரண்டாவது கணக்கில் கொஞ்சம் நிற்கிறேன். நிறையப் பேர் இதற்கு 600 என்று எழுதுவார்கள். தரை தரும் விசை என்றால் எடைதானே என்று மனதில் எங்கோ பதிந்திருக்கிறது. இதே கணக்கை ஒரு வீடியோவில் ஆசிரியர் போட்டுக் காட்டினால் தலையாட்டிக்கொண்டே பார்த்துவிடுவார்கள். மேல் நோக்கி தரை தரும் விசை, கீழ் நோக்கி எடை, இரண்டின் வித்தியாசம் நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது, ஆக 600 கூட்டல் 120, விடை 720. எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். ஆனால் அந்தப் பழைய நம்பிக்கை அசைந்திருக்காது. தன் கையால் 600 என்று எழுதி, விடையில் 720 என்று பார்த்து, எங்கே போச்சு 120 என்று ஒரு நிமிடம் குழம்பினால்தான் அது உடையும். கீழே ஒவ்வொரு வழியையும் நான் எடை போடும்போது இதற்கே அதிக மதிப்புத் தருகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் இப்போது சொன்னதுதான்: அந்த வழி உங்களைப் பேனா எடுக்க வைக்கிறதா, நீங்கள் செய்த தவறை உங்களுக்குக் காட்டுகிறதா? அடுத்தது, உங்கள் ஓட்டையைக் குறிபார்த்து அடைக்க விடுகிறதா, இல்லை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிறதா? மூன்றாவது மொழி. தமிழ் வழியில் படித்து ஆங்கில வழி வகுப்புக்குள் நுழைபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம் செலவு, அதில் கண்ணுக்குத் தெரியாத செலவும் சேர்த்தி.

## மாநிலப் பாடநூல்

பழைய புத்தகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2018-19இல் வந்த பிளஸ் ஒன் நூலும் அடுத்த ஆண்டு வந்த பிளஸ் டூ நூலும் முன்பிருந்தவற்றைவிட நன்றாகவே கனமானவை. விளக்கம் விரிவாக இருக்கும், தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகள் ஏராளம், பின்னால் உள்ள கணக்குகளுக்கு விடையும் கொடுத்திருக்கிறார்கள். பிளஸ் ஒன் இரண்டாம் அலகில் வெக்டரும் வகையிடல், தொகையிடல் அடிப்படையும் இயற்பியலுக்குத் தேவையான அளவில் உள்ளேயே இருக்கின்றன. நிறையப் பேர் பள்ளியில் தாண்டிப் போன பக்கங்கள் அவை. தமிழ், ஆங்கிலம் இரண்டு வழிப் பதிப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு. இந்தப் புத்தகத்தை நீங்கள் மதிப்பெண்ணுக்காக ஏற்கெனவே ஒரு முறை படித்திருக்கிறீர்கள். திறந்ததும் கண் தானாக ஐந்து மதிப்பெண் வினாவைத் தேடும், வருவித்தலை மனப்பாடம் செய்யும் பழக்கம் திரும்பி வரும். அதை முறிக்க ஒரு வழி: அலகின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். கணக்கைப் போடுங்கள். எங்கே நிற்கிறீர்களோ அந்தப் பகுதிக்கு மட்டும் முன்னால் போய்ப் படியுங்கள். இப்படிப் படித்தால் நாளுக்கு இரண்டு மணி நேரத்தில் முதல் தொகுதியின் ஐந்து அலகையும் மூன்று, நான்கு வாரத்தில் முடித்துவிடலாம்.

தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பதே என் தீர்மானமான கருத்து. அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு ஒரு தோழனோ தோழியோ வேண்டும். இருவருமாக ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு, மாலையில் தாளை மாற்றித் திருத்திக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

## என்சிஇஆர்டி நூல்

சிபிஎஸ்இ மாணவர்களுக்கு இதுவே வீட்டுப் புத்தகம், வேறு தேட வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர் இதற்கு மாற வேண்டுமா என்று கேட்டால், முழுதாக வேண்டாம் என்பேன். பாடப்பரப்பு பெரும்பாலும் ஒன்றுதான். என்சிஇஆர்டியின் நடை சுருக்கமானது, அடிப்படை ஆடுகிறவருக்கு முதல் வாசிப்பில் எரிச்சல் வரும். ஆனால் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் 'சிந்திக்க வேண்டியவை' என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கும். நாம் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களை அதில் நேராகச் சொல்லியிருப்பார்கள். மாநில நூலில் ஒரு அலகு முடித்ததும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வாசியுங்கள், பலன் பெரிது. 2022இல் பாடங்களைக் குறைத்தபோது சில பகுதிகள் நீக்கப்பட்டன. அதனால் இப்போதைய பதிப்பில் ஒன்று இல்லை என்றால் அது தேவையில்லை என்று அர்த்தம் கொள்ளாதீர்கள்.

ஜேஇஇ-க்கான கனமான கணக்குப் புத்தகங்களை இந்த நேரத்தில் வாங்க வேண்டாம். அவை வடிகட்டும் தேர்வுக்கானவை. உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது, இப்போது தேவை தெளிவு.

## யூடியூப், கான் அகாடமி

தமிழில் இயற்பியலை அழகாக நடத்தும் ஆசிரியர்கள் இன்று யூடியூபில் நிறையவே இருக்கிறார்கள். பள்ளியில் ஆசிரியர் சரியாக அமையாதவருக்கு இது பெரிய கொடை. உருளும் தட்டையும் சுழலும் கைரோஸ்கோப்பையும் புத்தகம் காட்ட முடியாது, வீடியோ காட்டும்.

செலவு காசில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இருபது நிமிடப் பாடத்துக்குள் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிட ஆபத்து, பார்த்ததையே படித்ததாக நினைத்துக்கொள்வது. லிஃப்ட் கணக்கில் சொன்னேனே, அதேதான். கணக்கை ஆசிரியர் எழுதியதும் வீடியோவை நிறுத்துங்கள். நீங்கள் போட்டு முடித்த பிறகே மறுபடி ஓட விடுங்கள். இதைச் செய்ய முடியாதவர் யூடியூபைத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

இந்த விஷயத்தில் கான் அகாடமி ஒரு படி மேல். இந்தியப் பதினொன்றாம் வகுப்புப் பாடப்பிரிவே அதில் இருக்கிறது, இலவசம், வீடியோவோடு பயிற்சிக் கணக்குகளும் உண்டு, தவறினால் அங்கேயே தெரிந்துவிடும். ஆங்கிலம் ஓரளவு பழகியவருக்கு நல்ல தேர்வு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் உள்ள உருவகச் செயல்பாடுகளையும் ஒரு முறை திறந்து பாருங்கள். மின்சுற்றைத் திரையிலேயே கட்டி, மின்தடையை மாற்றி, மின்னோட்டம் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஐந்தாவது கணக்கில் தவறியவருக்கு அரை நாளில் விஷயம் பிடிபட்டுவிடும்.

ஏஐ செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கேட்டதும் விடை வந்துவிடுவதுதான் அவற்றின் வசதி, அதுவே பிரச்சினையும். விடை பளபளப்பாக வரும், சில சமயம் தவறாகவும் வரும், அடிப்படை தெரியாதவருக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் தாளை முதலில் முடியுங்கள். பிறகு, 'இதில் எந்த வரியில் தப்பு' என்று மட்டும் கேளுங்கள்.

## என்பிடெல்

இது ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம். பெயரைக் கேட்டதும் பெற்றோருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லூரி திறக்கும் முன் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே இருக்கும் இயற்பியல் இளநிலைப் பட்ட அளவிலானது. பிளஸ் ஒன் பாடம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேராசிரியர் ஆரம்பிப்பார். பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று ஓடும், அரையாண்டுக்கு ஒரு முறை குறித்த தேதியில் தொடங்கும். உங்கள் இடைவெளிக்கு அந்தத் தேதி ஒத்துவராமல் போகலாம்.

ஐந்து கணக்கிலும் ஐந்து சரியாகப் போட்டவரா நீங்கள்? அப்படியென்றால் உங்களுக்குத் தூசி தட்டும் வேலையே இல்லை. பழைய விரிவுரைகளைத் திறந்து முன்னால் போய்விடுங்கள். மற்றவர்கள் இதை இரண்டாம் பருவத்துக்கு ஒதுக்கி வைக்கலாம்.

## கல்லூரியின் பிரிட்ஜ் கோர்ஸ்

முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்பது, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ வகுத்த முறை. பல கல்லூரிகள் அதற்குள்ளேயோ அதை ஒட்டியோ கணிதம், இயற்பியலுக்குப் பிரிட்ஜ் கோர்ஸ் வைக்கின்றன. தனிக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. நடத்துபவர் உங்களுக்குப் பருவம் முழுவதும் வரப்போகிற ஆசிரியராகவே இருக்கலாம். எந்தப் பகுதி தேவைப்படும் என்று அவருக்குத் தெரியும்.

குறை என்ன? அறுபது பேர் வகுப்பில் சிபிஎஸ்இ முதலிடமும் இருப்பார், அரசுப் பள்ளியிலிருந்து 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்தவரும் இருப்பார். சில நாளில் இரண்டு வருடப் பாடத்தை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் சொல்ல வேண்டும். அதே நாட்களில்தான் விடுதி அறை, அடையாள அட்டை, புது ஊர், புது முகங்கள் எல்லாம். மனம் பாடத்தில் இருக்காது. கலந்தாய்வின் பிந்தைய சுற்றுகளில் சேர்பவருக்கு முதல் சில வகுப்புகள் தவறியே போகலாம்.

ஆகவே இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், தவிர்க்கவும் வேண்டாம். வீட்டில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டு வந்தவருக்குப் பிரிட்ஜ் கோர்ஸ் மிகவும் பயன்படும், எந்த இடத்தில் கை தூக்கிச் சந்தேகம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

## கட்டணப் பயிற்சி

சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிப்பீர்கள்?" முதல் பருவப் பாடத்தை முன்கூட்டியே நடத்தித் தருகிறோம் என்றால் வந்துவிடுங்கள். திருப்பு விசை தெரியாதவருக்குக் குவாண்டம் பகுதியில் வரும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைச் சொல்லிக்கொடுப்பதால் ஒன்றும் நடக்காது. அதைத்தான் கல்லூரியில் எப்படியும் நடத்தப் போகிறார்களே. பிளஸ் ஒன் அடிப்படையிலிருந்து, தினமும் கணக்குப் போடவைத்து, தாளைத் திருத்தித் தருகிறார்கள் என்றால் யோசிக்கலாம்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் பெரிய வகுப்பைவிட, ஊரிலேயே இருக்கும் ஒரு நல்ல பிளஸ் ஒன் ஆசிரியரிடம் வாரத்துக்கு இரண்டு முறை உட்காருவது மேல். கல்விக் கட்டணமே கடனில் கட்டும் வீட்டில் இதற்காக இன்னொரு தொகை புரட்டத் தேவையில்லை, புத்தகமும் நோட்டும் போதும்.

## ஒரு பார்வையில்

| வழி | கணக்குப் போட வைக்குமா | மொழி | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| மாநிலப் பாடநூல் | வைக்கும், விடையும் உண்டு | தமிழ், ஆங்கிலம் | மனப்பாடப் பழக்கம் திரும்பும் | பெரும்பாலானவர்களுக்கு |
| என்சிஇஆர்டி | வைக்கும் | ஆங்கிலம் | சுருக்கமான நடை | சிபிஎஸ்இ மாணவருக்கு |
| யூடியூப் | வைக்காது | தமிழும் உண்டு | நேரம், புரிந்த மயக்கம் | ஆசிரியர் அமையாதவருக்குத் துணையாக |
| கான் அகாடமி | வைக்கும், உடனே தவறு தெரியும் | ஆங்கிலம் | இணைய இணைப்பு | ஓரிரு பகுதியில் மட்டும் குறை உள்ளவருக்கு |
| என்பிடெல் | வாராவாரம் | பெரும்பாலும் ஆங்கிலம் | மேல்மட்டப் பாடம், தேதிக் கட்டு | அடிப்படை உறுதியாக உள்ளவருக்கு |
| பிரிட்ஜ் கோர்ஸ் | ஆசிரியரைப் பொறுத்தது | இரண்டும் கலந்து | குறுகிய காலம், அலைச்சல் | எல்லோருக்கும், தயாரிப்போடு |
| கட்டணப் பயிற்சி | கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் | இடத்தைப் பொறுத்தது | பணம், பயணம் | தனியாகப் படிக்கவே முடியாதவருக்கு |

## தமிழ் வழியில் வந்தவர்களுக்கு

கோண உந்தம் பற்றி முத்து முத்தாக எழுதத் தெரிந்த மாணவி, வகுப்பில் 'ஆங்குலர் மொமெண்டம்' என்று கேட்டதும் இது புதுப் பாடம் என்று மிரண்டுவிடுவாள். பாடம் அவளுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. இதற்குத் தனியாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எதுவும் வேண்டாம். மாநிலப் பாடநூலின் இரு வழிப் பதிப்புகளும் ஒரே அமைப்பில் இருப்பவை, அதே அலகு, அதே படம். தமிழ்ப் பதிப்பில் படித்துப் புரிந்துகொண்டு, கணக்குகளை மட்டும் ஆங்கிலப் பதிப்பில் போடுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சொற்களை ஜோடி ஜோடியாக எழுதிக்கொண்டே வாருங்கள். முதல் தொகுதி முடிவதற்குள் வகுப்பில் காதில் விழும் சொற்களில் பெரும்பகுதி பழகிவிடும். இந்த வசதி மேலே சொன்ன வேறு எந்த வழியிலும் இவ்வளவு ஒழுங்காகக் கிடைக்காது.

## டிப்ளமா முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு சேர்பவர்களுக்கு

இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக் போனவர் பிளஸ் ஒன் இயற்பியல் நூலைத் திறந்தே இருக்க மாட்டார். முதலாண்டு இயற்பியலும் இவருக்குக் கிடையாது, பிரிட்ஜ் கோர்ஸும் முதலாண்டுக்காரர்களுக்கு மட்டுமே நடந்து முடிந்திருக்கும். மெக்கானிக்கல், சிவில் என்றால் 2021 விதிமுறைப்படி மூன்றாம் பருவத்திலேயே பொறியியல் இயந்திரவியல் வந்து நிற்கும். பட்டறையில் கை வைத்து வேலை பார்த்த அனுபவத்தில் இவர் மற்றவர்களைவிட ஒரு படி மேல், கணிதத்தோடு விசையைப் பிரித்து எழுதுவதில்தான் தடுமாறுவார். முழு நூலும் இவருக்குத் தேவையில்லை. பிளஸ் ஒன் முதல் தொகுதியில் இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் அலகுகள், அதோடு கணித நூலில் வகையிடல், தொகையிடல். மூன்றாம் அலகில் ஒவ்வொரு கணக்குக்கும் முதல் வேலையாகப் பொருளைத் தனியே வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போட்டுப் பழகட்டும். சாய்தளத்தில் இருக்கும் கட்டை, கயிற்றில் தொங்கும் எடை, கப்பியில் இணைந்த இரண்டு நிறைகள், இந்த மூன்று படத்தையும் தயங்காமல் வரையத் தெரிந்தால் மூன்றாம் பருவத்தின் முதல் மாதத்தைத் தாண்டிவிடலாம்.